நோன்பு மாதத்து மருந்து நேரம்

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து கேட்டார்கள். கணக்குப் போடுவது எப்படி, கட்டுரை எழுதுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். நீங்கள் செய்யாவிட்டால் உங்கள் கம்ப்யூட்டர் செய்துவிடும். நான் ஜெயித்த ஒரு கதையைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவள் பெருமையடித்துக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையும் எனக்கு வரவில்லை.

அப்போது நான் ஜொகூர் பாருவில் இருந்தேன். மாநிலம் முழுக்க மெத்தடோன் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஹெராயின் பழக்கத்திலிருந்து வெளியே வர நினைப்பவர்களுக்கு கவர்மெண்ட் கிளினிக்கில் இந்த மருந்தைத் தினமும் கொடுப்போம். மருந்தாளர் கண்ணெதிரே குடிக்க வேண்டும். குடித்தால் உடம்பு நடுங்காது, மனசு அலையாது, மனுஷன் வேலைக்குப் போகலாம், வீட்டுக்கு வரலாம். இதில் முதல் நாளே நீங்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டவனுக்குத்தான் பெரிய ஆபத்து. கொஞ்ச நாள் விலகியிருந்த உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. ஆனால் அவனுக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். அந்த அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். அதனால் எங்கள் ஆராய்ச்சிக்கெல்லாம் ஒரே கேள்விதான்: வந்துகொண்டிருந்தவர்கள் ஏன் வராமல் போகிறார்கள்?

இந்தக் கேள்வி எங்களை அதிகமாகப் படுத்திய இடம் கூலாய் பக்கத்தில் ஒரு கிளினிக். ஒரு பக்கம் செம்பனைத் தோட்டங்கள், இன்னொரு பக்கம் செனாய்த் தொழிற்சாலைகள். அங்கே சிகிச்சையில் சேர்கிறவர்களுக்குக் குறைவில்லை. சேர்ந்து சில மாதத்தில் ஆளைக் காணோம். மாநிலக் குழுவுக்குத் தலைவராக டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். கூட்டத்துக்கு வந்தால் எல்லாருக்கும் பலகாரம் வாங்கி வருவார். ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்றால் லாரி வைத்து இழுத்தாலும் நகர மாட்டார். வராதவர்களுக்கு எதற்கு ஒரு மருந்துக் கவுண்டர், அதை மூடிவிட்டு வேண்டுகிறவர்களை ஜொகூர் பாருவுக்கு வரச் சொல்லலாம் என்பது அவர் முடிவு.

அந்த நேரத்தில் நோன்பு மாதம் வந்தது. பகலில் வாயில் ஒன்றும் வைக்க முடியாதவர்களுக்காக அந்த ஒரு மாதம் மட்டும் மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றுவது நம் ஊர் வழக்கம். காலை எட்டு மணிக் கவுண்டர் நோன்பு திறந்த பிறகு, மாலை ஏழரை மணிக்குத் திறந்தது. அந்த மாதம் அங்கே யாரும் விட்டுப் போகவில்லை. எப்போதோ போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள்.

குழுவில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். டத்தோவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மருந்து செய்யாததை ஈமான், அந்த இறைநம்பிக்கை, செய்துவிட்டது என்றார். நோன்புப் பெருநாளான ராயா முடிந்ததும் நோயாளிகளுக்கு ஓர் ஆன்மிக முகாம் நடத்தலாம், ஈமான் வந்தவர்கள் ஜொகூர் பாருவுக்கே வந்து மருந்து குடிப்பார்கள், அந்தக் கவுண்டரைத் திட்டப்படி மூடிவிடலாம் என்று பேச்சு ஓடியது. என் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தவர்களும் தலையாட்டிவிட்டார்கள். கேட்க இனிமையான விளக்கம், யார் மனசும் நோகாது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போகிற விளக்கத்தைக் கேட்டால், கூட்டத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது மாதிரி புத்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மருந்தாளர் மும்தாஜ் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பைத் திறந்து, தொழுதுவிட்டு, வந்து கவுண்டரைத் திறந்துகொண்டிருந்தாள். மூவாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என் மகள் வயசு, வாய் மட்டும் என் வயசு. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

வரிசையைப் பார்த்தேன். மலாய்க்காரர்கள் நின்றார்கள், சரி. அவர்களுக்கு நடுவே நம் ஆட்கள், சீனர்கள். பாதிப் பேர் தொழிற்சாலைச் சட்டையில்.

"மும்தாஜ், இந்த நேரம் நோன்பு வைக்கிறவங்களுக்குத்தானே? இவங்கல்லாம் எப்படி?"

"கவுண்டர் திறந்துதானே இருக்கு டாக்டர். வந்தவங்கள போங்கன்னா சொல்ல முடியும்? மருந்து மருந்துதான் லா."

"இதெல்லாம் ஈமான்னு டத்தோ சொல்றாரு."

அவள் சிரித்தாள். "நோன்பு வைக்கிறது நான். அந்தா நிக்கிறாரே சேகர் அண்ணன், மத்தியானம் நாசி லெமாக் ரெண்டு பொட்டலம் சாப்பிட்டுட்டு வர்றாரு. அவரும்தான் ஒரு நாள் விடாம வர்றாரு. அத எந்தக் கணக்குல சேப்பீங்க?"

நான் சேகரைக் கூப்பிட்டுப் பேசினேன். நாற்பதைத் தொடும் வயசு. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதற்கு முன்னால் சந்தையில் விடியற்காலையில் காய்கறி மூட்டை இறக்கும் வேலை. எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும், நேரே வந்து மருந்தைக் குடித்துவிட்டுப் போவார். பிறகு தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தது. வீட்டில் சாமிக்குப் பொங்கல் வைத்தார்களாம். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை ஷிஃப்ட்.

"எட்டு மணிக்குத் தொறக்குற எடத்துக்கு நான் எப்படி டாக்டர் வர்றது? பாஸ்கிட்ட சொல்ல முடியுமா, நான் இந்த மருந்துக்குப் போறேன்னு? அன்னிக்கே அனுப்பிருவாரு."

வீட்டுக்கு மருந்தைக் கொடுத்தனுப்ப அப்போது அந்தக் கிளினிக்கில் அனுமதி கிடையாது. ஆகவே மருந்தை விட்டார். சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் பழைய ஆளைத் தேடிப் போய், பழைய அளவை ஏற்றிக்கொண்டார். உதடு நீலம் பாரித்துக் கிடந்தவரை மனைவி பார்த்து, அக்கம்பக்கத்தைக் கூட்டி, ஆம்புலன்ஸ் வந்து ஆளைக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு அந்தம்மா வெளியே போயிருந்தால் கதை முடிந்திருக்கும். நல்ல வேலை கிடைத்ததால் சாகப் பார்த்த மனுஷனை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"ராயாவுக்கு அப்புறமும் இதே நேரம் இருக்குமா டாக்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு மணி அடித்தது. நோன்பு யாருக்கும் புதிதில்லை. புதிதாக வந்தது ஏழரை மணி. வேலை முடிந்து வருகிறவன் வந்து சேரக்கூடிய நேரத்தில் நாம் அந்த மாதம்தான் கதவைத் திறந்து வைத்திருந்தோம்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். டத்தோ முகம் சுருங்கியது. நல்ல மனிதரின் நம்பிக்கையில் கை வைக்கிறோமே என்று எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அதனால் வாதாடவில்லை. "ராயாவுக்குப் பிறகும் ஒரு மாதம் மாலைக் கவுண்டரைத் திறந்து வையுங்கள். காரணம் நோன்பென்றால் கூட்டம் குறையும். நேரமென்றால் நிற்கும். பார்த்துவிடலாமே" என்றேன். அவர் ஒத்துக்கொண்டார், நிபந்தனையோடு. கூட்டம் குறைந்தால் கவுண்டர் மூடப்படும், மறுபேச்சு கிடையாது. நடுவில் நான் எதையும் மாற்றவும் கூடாது.

ராயா முடிந்தது. விடுமுறை முடிந்து தொழிற்சாலைகள் திறந்தன. கிளினிக்கிலிருந்து மாலைக் கவுண்டர் திறந்திருக்கிறது என்று தகவல் வந்தது, கூட்டம் படுத்துவிட்டது என்றும் வந்தது. இரண்டாவது வாரம் இன்னும் மோசம். டத்தோ தொலைபேசியில் அழைத்தார். "டாக்டர், ராயாவோடு கூட்டமும் முடிந்துவிட்டது போலிருக்கிறதே" என்று சிரித்தார். குத்திக்காட்டும் சிரிப்பு இல்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

நான் போனபோது மணி ஏழு. மும்தாஜ் கவுண்டரைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, இப்பவே பூட்டுற?"

"அஞ்சுலேருந்து ஏழுதானே டாக்டர். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் கேட்டது மாலைக் கவுண்டர். உத்தரவிலும் மாலைக் கவுண்டர் என்றே இருந்தது. நிர்வாகப் பிரிவில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்: இப்போதுதான் நோன்பு திறக்க வேண்டியதில்லையே, பிறகு எதற்கு அத்தனை தாமதம், ஐந்துக்குத் திறந்து ஏழுக்கு மூடினால் ஊழியர்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாமே என்று. ஐந்து மணியும் மாலைதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறவனுக்கு அது காலை எட்டு மணி மாதிரியே ஒரு பூட்டிய கதவு. நோன்புக்காகப் போட்ட நேரம் நோன்போடு போய்விட்டது. அது வேறு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"நான் சொன்னேன் டாக்டர். ஏழரைதான் ஆளுங்க வருவாங்கன்னு சொன்னேன். புவாசா மாசம், நோன்பு முடிஞ்சிருச்சே மும்தாஜ்ங்கிறாங்க." அவள் சாவியைப் பைக்குள் போட்டாள். "சேகர் அண்ணன் போன வாரம் பூரா கெஞ்சிக் கூத்தாடி சீக்கிரம் கெளம்பி வந்தாரு. சூப்பர்வைசர் வார்னிங் குடுத்துட்டாராம். அதோட காணோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கார் நிறுத்துமிடத்தில் நின்று அவளிடமே சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன், பாவம். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே கவுண்டர் பக்கம் எட்டிப் பார்த்தார். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"சேகர் அண்ணே!" என்று மும்தாஜ் ஓடினாள்.

வெளிச்சத்தில் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, மூக்கு ஒழுகியது.

"மருந்து குடிச்சு எத்தன நாளாச்சு?"

"நாலு நாள் டாக்டர்."

"வேற ஏதாவது...?"

"இன்னி வரைக்கும் தொடல. சாமி சத்தியமா தொடல. ஆனா இன்னிக்குத் தாங்காது." அவர் என்னைப் பார்க்காமல் வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த ஆளுகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்."

"கவுண்டர் மூடியிருக்கும்னு தெரியும்ல? பின்ன எதுக்கு இங்க வந்தீங்க?"

"தெனமும் வருவேன் டாக்டர். வீட்டுக்குப் போற வழிதானே. லைட் எரியுதான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போவேன். நான் மட்டும் இல்ல, மத்த பயலுகளும் பாத்துட்டுப் போறானுங்க."

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். கவுண்டரைத் திறந்தால் நடுவில் கை வைக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கு உடைகிறது. டத்தோ அதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் ரத்து செய்யலாம். கவுண்டர் இந்த ஒருவருக்கு மட்டுமில்லாமல் எல்லாருக்கும் மூடப்படும். திறக்காவிட்டால் இந்த மனுஷன் இங்கிருந்து நேரே எங்கே போகிறார் என்று அவரே சொல்லிவிட்டார். நாளைக் காலையில் அவர் மனைவி எழுப்பும்போது எழுந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. பலருக்காக ஒருவரை விட்டுவிடலாம் என்று கணக்குப் போடும் அறிவாளிகள் நம் துறையிலும் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வராது. அந்த ஆராய்ச்சியை ஆரம்பித்ததே இப்படி ஒருவர் சாகாமல் இருப்பதற்குத்தானே!

"தொற மும்தாஜ்" என்றேன். "என் பொறுப்பு."

பின்னால் குவார்ட்டர்ஸில் இருந்த கிளினிக் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ரப்பர் செருப்போடு ஓடிவந்தார். சேகரைச் சோதித்துப் பார்த்து அளவைக் குறைத்து எழுதினார். நாலு நாள் விட்ட உடம்புக்குப் பழைய அளவைக் கொடுத்தால் மருந்தே ஆளை அமுக்கிவிடும். பரிதாபப்பட்டு அளவைக் கூட்டிவிடாதீர்கள், இதை எங்கே வேண்டுமானாலும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

"இது பத்தாது டாக்டர்" என்றார் சேகர்.

"இன்னிக்கு இவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. நாளைக்கு வாங்க."

"நாளைக்குத் தொறந்திருக்குமா?"

"திறந்திருக்கும்" என்றேன். எனக்கு அப்படிச் சொல்ல எந்த அதிகாரமும் இல்லை.

அவர் மருந்து குடித்து, டாக்டர் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்து, நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் வீட்டுக்குப் போனார். மனைவிக்கு போன் போட்டு நேரே வருகிறேன் என்று எங்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நிமிடம் நான் டத்தோவை அழைத்தேன். மறுநாள் வரை வைத்திருந்தால் வேறு யாராவது வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். தப்போ சரியோ, நீங்கள் செய்ததை உங்கள் வாயாலேயே, சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுங்கள்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "வாக்கை உடைத்துவிட்டீர்கள், டாக்டர்" என்றார். கோபம்தான்.

"உடைத்தேன், டத்தோ. உடைத்தேன் என்று அறிக்கையிலும் எழுதுவேன். கூட்டம் விழுந்த இரண்டு வாரத்தையும் அப்படியே எழுதுவேன், ஒன்றையும் மறைக்க மாட்டேன். ஆனால் நாம் பார்க்க நினைத்தது நோன்பு இல்லாத ஏழரை மணியை. அதை இன்னும் பார்க்கவே இல்லையே."

"மீதி இருக்கும் நாளில் கூட்டம் திரும்பாவிட்டால்?"

"நானே பூட்டி, சாவியைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைக்கிறேன்."

சரி என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கோபத்திலும் நியாயத்தைப் பார்க்கத் தெரிந்த மேலதிகாரி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அடுத்து ஒரு தலைவலி. நேரம் மாறியதை எப்படிச் சொல்வது? தொழிற்சாலையில் ஒட்ட முடியாது, வீட்டுக்குக் கடிதம் போட முடியாது. இவர்கள் மருந்து குடிப்பது பலர் வீட்டுக்கே தெரியாது. மும்தாஜ்தான், "லைட்ட போட்டு வைப்போம் டாக்டர், அத பாத்துட்டுதானே போறாங்க" என்றாள். முன்பக்கத்து விளக்கையெல்லாம் போட்டு வைத்தோம். முதல் நாள் சேகர் மட்டும் வந்தார். மறுநாள் அவரோடு இருவர் வந்தார்கள். பக்கத்து மாமாக் டீக்கடையில் தே தாரிக் வாங்கிக் குடிக்காமலே ஆறவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மழை பெய்தது பாருங்கள், ஜொகூர் மழை, எதிரே நிற்கிற கார் தெரியாது. இன்றைக்கு ஒருத்தரும் வரப்போவதில்லை என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழரை ஆனதும் மழைக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிள் விளக்குகள் திரும்பி உள்ளே வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. மழைக்கோட்டோடு, நனைந்த பூட்ஸோடு, கிளினிக் தரையெல்லாம் தண்ணீராக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். துடைப்பான் வைத்திருந்த அக்கா திட்டித் தீர்த்தார். நான் கழிவறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன், சந்தோஷத்தில். கிளினிக் டாக்டருக்கு அன்றைக்கு வேலை மூச்சு முட்டியது. விட்டுப்போன ஒவ்வொருவரையும் சோதித்து அளவு எழுத வேண்டுமே.

அதன் பிறகு கூட்டம் நோன்பு மாதத்தில் இருந்ததைவிடக் கூடியது. மாதக் கடைசியில் குழு கூடியது. நான் சொன்னபடி எல்லாவற்றையும் வைத்தேன். விழுந்த வாரங்கள், நான் வாக்கை உடைத்த மாலை, திரும்பி வந்த கூட்டம், எல்லாம். டத்தோ நிதானமாகப் படித்தார். பலகாரத் தட்டை யாரும் தொடவில்லை.

"அப்படியென்றால் இது ஈமான் இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டார். மனசு நொந்து கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"இருந்தது, டத்தோ. அது இருந்ததால்தான் பூட்டிக் கிடந்த கதவைத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் குறை ஒன்றும் இல்லை. நாம்தான் அந்த நேரத்தில் உள்ளே இல்லை."

அவர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார். கவுண்டரை மூடும் திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது. ஏழரை மணி நிரந்தரமானது. வருஷம் முடிவதற்குள் தங்காக்கிலிருந்தும் மூவாரிலிருந்தும் எங்களுக்கும் மாலை நேரம் வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். ஜொகூர் பாருவில், சிங்கப்பூர் வேலைக்கு விடியும் முன்பே பாலம் தாண்டுகிறவர்களுக்காக வேறொரு நேரம் வந்தது. அதற்கு டத்தோவே முன்னின்று வாதாடினார், என்னைவிட நன்றாக!

கூட்டம் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கிளினிக்குக்குப் போனேன். வரிசை வாசல் வரை நின்றது. மும்தாஜிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கவுண்டரைவிட்டு நகர முடியாதே, அங்கிருந்தபடியே வரிசையைப் பார்த்து, "இனிமே எப்பவும் ஏழரைதான்!" என்று கத்தினாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. எங்கள் பழக்கம் அப்படி, நல்ல செய்தி சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அப்போது கவுண்டர் முன்னால் சேகர். மருந்தைக் குடித்தவர்கள் தண்ணீர் குடித்து, ஒரு வார்த்தை உரக்கப் பேசிக் காட்ட வேண்டும், விழுங்கிவிட்டார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பெரும்பாலும் பெயரைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் குட்நைட் சொல்வார்கள். சேகர் மருந்தைக் குடித்தார். தண்ணீரைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, கிளினிக் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ஜெயிச்சிட்டோம் டாக்டர்!"